சும்மா நிற்கும் இன்ஜின்

பழைய ஜெனரேட்டரை மாற்ற வேண்டும் என்று எந்த உள்ளாட்சி அலுவலகத்தில் மதிப்பீடு போட்டாலும், கோப்பு ஒரே கேள்வியோடுதான் திரும்பி வரும்: ‘இயந்திரம் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது?’ மீட்டரில் எழுநூறோ எண்ணூறோ இருக்கும். லாரி இன்ஜின் இதைவிடப் பல மடங்கு ஓடியும் நன்றாகத்தானே இருக்கிறது, இதை எதற்கு மாற்ற வேண்டும் என்று தணிக்கைக்காரர் குறிப்பு எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஓடித் தேய்ந்த இயந்திரங்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். குடிநீர், கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்களில் முப்பது வருஷத்துக்கு மேலாக நான் பார்த்துவருவது, ஓடாமலே கெட்டுப்போகிற இயந்திரங்களை.

இந்தப் பாடத்தை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது உப்பளம். தூத்துக்குடி முத்தையாபுரத்தில் ஒரு பக்கம் ஸ்பிக் உர ஆலை, மறுபக்கம் கண்ணுக்கு எட்டுகிற மட்டும் உப்புப் பாத்திகள். நான் வேலை பழகிய பட்டறைக்கு வந்ததெல்லாம் உப்பளத்துக் கிணறுகளில் உவர்நீர் இறைக்கிற ஆயில் இன்ஜின்கள்தான். உப்பு எடுக்கிற மாதங்களில் அவை ராப்பகலாக ஓடும். பட்டறைக்கு ஒன்றிரண்டுதான் வரும். ஐப்பசியில் மழை இறங்கியதும் வேலை நின்றுவிடும். இன்ஜின்களை ஓலைக்கொட்டகையில் சாக்கு போட்டு மூடி வைத்துவிடுவார்கள். தை பிறந்ததும் பட்டறை வாசலில் வரிசை கட்டி நிற்கும். பிஸ்டன் ரிங் லைனரோடு ஒட்டியிருக்கும், நாசில் பிடித்திருக்கும், வால்வு எழும்பாது. ஒன்பது மாதம் உழைத்து வராத கேடு, மூன்று மாதம் சும்மா இருந்ததில் வந்திருக்கும். கொண்டல் காற்று கடலிலிருந்து கொண்டுவருகிற உப்பீரத்துக்கு, நின்றுபோன இரும்புதான் வசதி. ஓடுகிற இன்ஜினில் சூடு இருக்கும், எண்ணெய் சுற்றிக்கொண்டே இருக்கும். உப்பால் அங்கே உட்கார முடியாது.

பிறகு நான் கிர்லோஸ்கர், கம்மின்ஸ், லேலண்ட் என்று பெரிய டிஜி (டீசல் ஜெனரேட்டர்) செட்டுகளுக்கு மாறினேன். பட்டறை முதலாளியே பேரூராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்தார். அங்கே பார்த்தபோது, உப்பளத்து இன்ஜின்கள் மூன்று மாதம் படுகிற பாட்டை அரசு ஜெனரேட்டர்கள் வருஷம் முழுவதும் பட்டுக்கொண்டிருந்தன.

தூத்துக்குடிக்குத் தண்ணீர் என்றால் தாமிரபரணிதான். நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து 1927-இல் வல்லநாட்டிலிருந்து ஆற்று நீரை ஊருக்குக் கொண்டுவந்தார். அன்றுமுதல் இந்த ஊரின் குடிநீர், எங்கோ ஓடுகிற மோட்டாரை நம்பித்தான் இருக்கிறது. ஆற்றங்கரையில் நிற்கிற பெரிய மோட்டார்களுக்கு ஜெனரேட்டர் வைத்துக் கட்டுப்படியாகாது. அந்த மாதிரி இடங்களுக்குத் தனி மின்பாதைதான் முறை. எங்கள் வேலை அதற்கு இப்பால்: தரைமட்டத் தொட்டியிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிற பம்பு, குளோரின் அறை, அப்புறம் பாதாளச் சாக்கடை வந்த ஊர்களில் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்.

ஜெனரேட்டர் இருந்துவிட்டால் மின்தடையால் ஒரு கேடும் வராது என்று பலர் நினைக்கிறார்கள். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், நீண்ட குழாயில் முன்னால் போய்க்கொண்டிருந்த தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டு, அப்படியே திரும்பி வந்து நான்-ரிடர்ன் வால்வில் மோதும். குழாய் வெடிப்பது பெரும்பாலும் அந்த மோதலில்தான். தானியங்கி ஏஎம்எஃப் பேனல் இருந்தால்கூட ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி லோடு எடுக்கப் பத்துப் பதினைந்து வினாடி ஆகும். அடி அதற்குள் விழுந்துவிடும். ஆகவே வால்வும் காற்றுக்கலமும் ஒழுங்காக இல்லாத நிலையத்தில் எவ்வளவு உயர்ந்த ஜெனரேட்டர் வைத்தாலும், கரண்ட் போகும்போதெல்லாம் குழாய் அடிவாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

2008-லிருந்து ஐந்தாறு வருஷம் தமிழ்நாட்டில் யாரும் மறக்க முடியாத மின்வெட்டுக் காலம். 2012-இல் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இருக்காது. 1979 முதல் அனல் மின் நிலையம் வைத்து, ஐந்து யூனிட்டில் 1,050 மெகாவாட் மின்சாரம் செய்துகொண்டிருந்த தூத்துக்குடியிலும் அதே கதைதான். டீசல் பில் பார்த்து ஆணையர்களுக்கு மூச்சு முட்டியது. ஒரு லிட்டருக்கு மூன்றரை யூனிட் கிடைத்தால் அதுவே நல்ல செட். ஆனால் இன்ஜின்களைக் கேட்டால், அதுதான் தங்கள் பொற்காலம் என்று சொல்லியிருக்கும். தினமும் ஓடின. பேட்டரி எப்போதும் சார்ஜில் இருந்தது. டேங்கில் டீசல் தங்கவில்லை, வந்தது எரிந்தது. ஆயில், ஃபில்டர் எல்லாம் மணிக்கணக்குப்படி மாறின. ஆப்பரேட்டர்களுக்கு இன்ஜினின் சத்தம் பழகியிருந்தது. கொஞ்சம் பிசகினாலும் ராத்திரி எனக்குப் போன் வரும்.

மின்வெட்டு ஓய்ந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. கரண்ட் ஒழுங்காக வர வர ஜெனரேட்டர் அறைகளில் பூட்டு விழுந்தது. ஒரு பேரூராட்சி நிலையத்தில் லாக் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். திங்கள்கிழமை தவறாமல் ‘டிரையல் 10 நிமிடம், நன்றாக உள்ளது’ என்று எழுதியிருந்தது. மாதக்கணக்கில் ஒரே மை, ஒரே கையெழுத்து. மீட்டரைப் பார்த்தால் மழைக்கு முன்னால் நான் குறித்துவைத்த அதே எண். பேட்டரியின் மேல் பூத்திருந்த வெள்ளைப் பூஞ்சையை விரலால் தட்டினால் டெர்மினலே கையோடு வந்தது. டேங்கின் அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்தேன். முதலில் தண்ணீர், அப்புறம் கறுப்பாக ஒரு கூழ், அதற்கும் பிறகுதான் டீசல். அந்தக் கூழ் ஃபில்டருக்குப் போனால் இன்ஜின் இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிடும். அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

அந்த ஆப்பரேட்டரை நான் திட்டவில்லை. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. டிரையல் ஓட்ட டீசல் கேட்டால், ‘கரண்ட் இருக்கும்போது டீசல் எதுக்கு வே?’ என்று அலுவலகத்தில் கேட்பார்கள். எழுதினால் கேள்வி வராது. எழுதிவிட்டார்.

இதற்குள் கழிவுநீர் வேலையும் எங்களிடம் வந்து சேர்ந்தது. குடிநீருக்கும் சாக்கடைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குடிநீர் நின்றால் மேல்நிலைத் தொட்டியில் இருப்பது அரை நாளாவது தாங்கும். ஜனங்கள் குடத்தில், சின்டெக்ஸில் பிடித்து வைத்திருப்பார்கள். சாக்கடை யாருக்காகவும் காத்திருக்காது. தூத்துக்குடி மாதிரி கடல்மட்டத்தை ஒட்டிய தட்டை நிலத்தில் கழிவுநீர் தானாக ஓடாது. ஒவ்வொரு பகுதியிலும் கிணற்றில் சேர்த்து, பம்பு போட்டு அடுத்த கட்டத்துக்குத் தள்ள வேண்டும். பம்பு நின்றால் கிணறு நிறையும், பிறகு மேன்ஹோல் மூடி தூக்கும், பிறகு தாழ்வான வீட்டுக் கழிப்பறையில் எதிர்த்து வரும். காலையில் ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் கரண்ட் போனால் இதற்கெல்லாம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரே ஒரு செட் வாங்கத்தான் பணம் இருக்கிறது, குடிநீருக்கா சாக்கடைக்கா என்று யாராவது கேட்டால், சாக்கடைக்குத்தான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கழிவுநீர் நிலையத்தில் கெடுகிறதும் வேறு மாதிரி. கிணற்றிலிருந்து எழும்புகிற ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் வாயு. அதே வாயு செம்பையும் தின்னும். பேனலைத் திறந்தால் கான்டாக்டர் முனைகள், பஸ்பார், கன்ட்ரோல் ஒயரின் நுனி எல்லாம் கறுத்துப்போயிருக்கும். இன்ஜின் அருமையாக ஸ்டார்ட் ஆகும். லோடு மட்டும் மாறாது. ஆகவே இன்ஜினை மாற்றுவதற்கு முன்னால், பேனல் எந்தப் பக்கம் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். கிணற்றை ஒட்டிய சுவரில் பேனல் இருந்தால், புது செட் வந்து மூன்றாம் வருஷமே பழைய கதைக்குத் திரும்பிவிடும்.

செட்டை மாற்றும்போது எத்தனை கேவிஏ திறன் என்பதில்தான் பெரிய வம்பு. மோட்டாரை நேரடியாகப் போட்டால் ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் வழக்கமான கரண்டைப்போல ஆறு மடங்கு வரை இழுக்கும். அந்தக் காலத்தில் அதற்குத் தகுந்தபடி பெரிய செட்டாகப் போட்டார்கள். ஒரு நகராட்சியில் பழைய செட்டை மாற்றும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று முன்னதைவிடப் பெரிதாக வாங்கினார்கள். அதே வருஷம் வேறொரு திட்டத்தில் மோட்டார்களுக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் வந்தது. இரண்டு கோப்பும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. சாஃப்ட் ஸ்டார்ட்டர் வந்ததும் தொடக்க இழுப்பு குறைந்துபோனது. பெரிய இன்ஜின் கால்வாசி லோடில் ஓடியது. டீசல் இன்ஜினுக்குக் குறைந்த லோடு ஆகாது. சூடு ஏறாமல் டீசல் அரைகுறையாக எரியும். ஆறு மாதத்தில் சைலன்சர் மூட்டில் தார் மாதிரி கறுப்பு ஒழுகத் தொடங்கியது. ‘புது இன்ஜின் ஆயில் கக்குது’ என்று புகார். அதைச் சரிசெய்ய இன்ஜினில் கைவைக்கவே தேவையிருக்கவில்லை. மூடிக்கிடந்த இன்னொரு பம்பையும் அந்த லைனில் சேர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டார்ட் ஆகும்படி டைமர் போட்டோம். லோடு பாதிக்கு மேல் ஏறியதும் கறுப்பு நின்றது.

இன்னொரு ஊரில் புது செட் வைத்து, மாலை போட்டு, ஆரத்தி காட்டி முடித்தாயிற்று. ஒரு வாரம் கழித்து பம்பு ஆப்பரேட்டர் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, ஜெனரேட்டர்ல ஓடுனா தொட்டி நிறைய மாட்டேங்கு. கரண்ட்ல ஓடுனா நிறையுது.”

“சத்தம் எப்படி இருக்கு?”

“சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தண்ணியும் வருது. ஆனா ஏற மாட்டேங்கு.”

போய்ப் பார்த்தேன். மெயினை இறக்கி ஜெனரேட்டரில் பம்பைப் போடச் சொல்லிவிட்டு, மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவிலிருக்கிற கப்ளிங்கைக் குனிந்து கவனித்தேன். பம்பின் உடம்பில் வார்த்திருந்த அம்புக்குறி ஒரு பக்கம், கப்ளிங் சுற்றுவது மறுபக்கம். ஜெனரேட்டர் கேபிளில் இரண்டு பேஸ் இடம் மாறியிருந்தது. இந்த வகைப் பம்பு தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தள்ளும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதைத் தடுக்க வைத்திருந்த ரிலேயை யாரோ எந்தக் காலத்திலோ பைபாஸ் செய்திருந்தார்கள். இரண்டு கேபிளை மாற்றிப் போட்டு, ரிலேயையும் சேர்த்துக் கொடுத்தேன். அதிலிருந்து எந்த செட் மாற்றினாலும் பம்பு சுற்றுகிற திசையை மெயினில் ஒரு தடவை, ஜெனரேட்டரில் ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

என் காலத்தில் இயந்திரங்களே மூன்று தலைமுறை மாறிவிட்டன. 2004, 2005 வாக்கில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிகள் வந்து, புகைக்கு அளவு வைத்தார்கள். 1,000 கேவிஏ வரை கேனோப்பி என்கிற சத்தம் அடக்கும் கூண்டு கட்டாயமானது. 2014-இல் அடுத்த கட்டம். 2023 ஜூலையில் அதற்கும் மேலே ஒரு கட்டம் வந்தது. இப்போதைய நடுத்தர, பெரிய செட்டுகளில் மூளை மாதிரி ஒரு மின்னணுப் பெட்டி இருக்கிறது. பல செட்டுகளில் புகைக்குழாயில் யூரியாக் கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிறார்கள். எங்கள் ஊரிலேயே ஸ்பிக் ஆலையில் யூரியா தயாராகிறது. அதனால், ‘மூட்டை யூரியாவைத் தண்ணியில கரைச்சு ஊத்தினா என்ன அண்ணாச்சி?’ என்று ஒரு பையன் கேட்டான். கூடாது. அந்தக் கரைசலுக்குத் தனித் தூய்மை, 32.5 சதவீதம் என்று தனிக் கணக்கு. உர யூரியா ஊற்றினால் நாசிலும் வினையூக்கியும் அடைத்துப் பாழாகும்.

புது இயந்திரத்தில் புகை இல்லை, டீசலும் குறைவாகத்தான் குடிக்கிறது. ஆனால் பழையதற்கு ஸ்பேனர் போதும். இதற்கு லேப்டாப் வேண்டும். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று 2023 டிசம்பரில் தெரிந்தது.

அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கம் ஒரு வருஷம் பெய்கிற மழையைவிட அது அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்தது, நெடுஞ்சாலை அறுந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு சிக்கி நின்றது. அனல் மின் நிலைய வளாகத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்து உற்பத்தி நின்றது. தாமிரபரணிக் கரையில் குடிநீர்த் திட்டங்கள் பல சேதமாயின. சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை.

அந்த வாரத்தில் நான் போய்ச் சேர முடிந்த இடங்களில் பார்த்தது இது. கேனோப்பி செட்டுகளைத் தரையிலிருந்து ஒரு அடி மேடையில் வைத்திருந்தார்கள். முழங்கால் தண்ணீருக்கே ஆல்டர்னேட்டர் நனைந்திருந்தது. ஒரு நிலையத்தில் பிற்பாடு யோசித்து இன்ஜினை மூன்றடி மேடைக்கு ஏற்றியிருந்தார்கள். இன்ஜின் காய்ந்தபடி நின்றது. அதன் பேனல் மட்டும் பழைய அறையில், பழைய உயரத்தில், தண்ணீருக்குள். ஜப்பானில் 2011 மார்ச்சில் சுனாமி வந்தபோது ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்ததும் இதுதான். பெரும்பாலான டீசல் ஜெனரேட்டர்கள் அடித்தளத்தில் இருந்து மூழ்கின. மேலே இருந்த சில தப்பின. அவற்றிலும் இரண்டுக்கு ஸ்விட்ச்கியர் கீழே மூழ்கியதால் பயன்படவில்லை. ஆறாவது அணு உலையின் காற்றால் குளிர்விக்கப்படும் ஒரே ஒரு செட் மட்டும் ஓடி, ஐந்தையும் ஆறையும் காப்பாற்றியது.

இன்னொரு இடத்தில் ஓய்வுக்குத் தயாராக இருந்த பழைய செட் ஒன்று தண்ணீர் எட்டாத மேட்டில் நின்றது. பேனல் செத்திருந்தது; டீசலைத் திறக்கிற சாலினாய்டுக்குக் கரண்ட் வரவில்லை. அந்த நெம்புகோலை இழுத்துக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டு, பக்கத்திலிருந்த லாரியின் பேட்டரிகளைக் கழற்றி வந்து செல்ஃப் கொடுத்தோம். இருமிக்கொண்டு கிளம்பியது. புது மின்னணு இன்ஜின் ஒருபோதும் இப்படிக் கம்பிக்கு மசியாது. அதற்காகப் புதியது வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நனையவிடக் கூடாது என்பதைப் பழையதைவிட இரண்டு மடங்கு கண்டிப்போடு பார்க்க வேண்டும்.

டீசலும் அன்று ஒரு பாடம் சொன்னது. பெரும்பாலான நிலையங்களில் டேங்க் 990 லிட்டர். ஆயிரத்துக்கு மேல் ஒரே கலனில் வைத்தால் உரிமம் கேட்பார்கள் என்பதால் வந்த அளவு. 250 கேவிஏ செட் முக்கால் லோடில் ஓடினால் அது ஏறக்குறைய ஒரு நாளைக்கு வரும், அதுவும் டேங்க் நிறைந்திருந்தால். சாலை மூன்று நாள் திறக்கவில்லை. மதிப்பீட்டில் கேவிஏவுக்கு ஒரு பக்கம் எழுதுகிறவர்கள், இரண்டாம் நாள் டீசல் எந்த வழியாக வரும் என்று ஒரு வரி எழுதுவதில்லை.

இன்னொரு பாடம் இதற்கு முன்பே கிடைத்திருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது, டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வாடகை ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி, ஊர் ஊராகப் போய் மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். ஒரே செட் பல ஊருக்குத் தண்ணீர் கொடுத்தது. அங்கே நேரம் போனது எல்லாம் கேபிள் இணைப்பதில்தான்: பேனலைக் கழற்று, நுனியைத் தேடு, திசையைச் சரிபார். பம்பு அறையின் வெளிச்சுவரில், ஆள் உயரத்தில், ஒரு சாக்கெட்டும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்சும் முன்கூட்டியே இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஜெனரேட்டர் விலையோடு ஒப்பிட்டால் அதன் செலவு ஒன்றுமே இல்லை. இப்போது எந்த ஊர்ப் பொறியாளர் கேட்டாலும், புது செட் வாங்குவதற்கு முன்னால் எல்லா நிலையத்துக்கும் அந்த சாக்கெட்டைப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். சிறிய நிலையங்களுக்குத் தனித்தனி செட் வாங்கிப் பூட்டி வைப்பதைவிட, சக்கரம் வைத்த இரண்டு செட்டுகளை வாங்கி மாதம் முழுக்கச் சுற்றவிடுவது மேல். அவை ஓடிக்கொண்டே இருக்கும், கெடாது.

பழைய செட்டுகள் ஏலத்தில் போகின்றன. நல்ல லேலண்ட் இன்ஜின் என்றால் தருவைக்குளத்து விசைப்படகுக்காரர்கள் விடமாட்டார்கள். அலுவலகக் கணக்கில் ஆயுள் முடிந்ததென்று தள்ளிய இன்ஜின், ஓவர்ஹால் செய்து படகில் ஏறியதும் கடலில் வருஷக்கணக்கில் உழைப்பதைப் பார்த்திருக்கிறேன். உப்புக்காற்று அங்கேயும் அதேதான். ஆனால் படகு நிற்பதில்லை.

இப்போது என் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். மாதம் ஒரு நாள், பகல் நேரத்தில், மெயின் ஸ்விட்சை இறக்க வேண்டும். பட்டனை அழுத்தி வெறுமனே ஓடவிடுவது சோதனை ஆகாது. கரண்ட் போனமாதிரியே போக வேண்டும், செட் தானாகக் கிளம்ப வேண்டும், பம்பு லோடை எடுத்து அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். ஆப்பரேட்டர்தான் ஸ்விட்சை இறக்க வேண்டும். நான் பக்கத்தில் நிற்பேன். ஒவ்வொரு டெண்டருக்கும் ஆள் மாறுகிறார்கள் என்பதால் இதை மறுபடி மறுபடி புதிதாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் மாதம் கை நடுங்கும். ‘ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்லுதது அண்ணாச்சி?’ என்பார்கள். இன்றைக்குப் பகலில் ஆனால் நான் சொல்கிறேன், மழை ராத்திரியில் ஆனால் ஊரே கேட்கும் என்பேன். மூன்றாம் மாதம் அவர்களே டீசல் கேட்டு எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள்.